ஏற்காடு பஸ்ஸில் அப்பாவின் பையைத் திருடிவிட்டார்கள். கமிஷனர் லிமிட்டா, எஸ்.பி. லிமிட்டா?

மிளகுக்கொடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா காப்பிப் பழம் பறிக்கிற சீசனுக்கு ஏற்காட்டுல ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தார். போன சனிக்கிழமை கூலி வாங்கிட்டு சாயங்கால பஸ்ல சேலம் திரும்பினார். உட்கார இடம் இல்ல. மஞ்சப்பையைத் தலைக்கு மேல இருக்கிற கம்பித் தட்டுல வெச்சுட்டு, கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டே வந்திருக்கார். வளைவுல பஸ் ஆடுற ஆட்டத்துல மேல பார்க்கவே இல்லையாம். புது பஸ் ஸ்டாண்டுல இறங்குறப்ப பார்த்தா பை இல்ல.

உள்ள 6,400 ரூபாய் கூலிப் பணம், தீபாவளிக்கு நான் 11,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த செல், ரேஷன் கார்டு, கூட்டுறவு பேங்க்ல அம்மா தோடு அடகு வெச்ச ரசீது. பத்து நிமிஷத்துல நான் போன் போட்டேன். ரெண்டு ரிங் போச்சு, கட் ஆச்சு, அப்புறம் சுவிட்ச் ஆஃப். தானா விழுந்த பைன்னா யாரு கட் பண்ணுவாங்க?

வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டேஷனுக்குப் போனோம். பேர் வேண்டாம். "மலையில போயிருந்தா அது எஸ்.பி. லிமிட்டு, நாங்க கமிஷனர் லிமிட்டு, ஏற்காடு போய் எழுதிக் கொடுங்க"ன்னாங்க. அப்பா திண்ணையிலயே உட்கார்ந்துட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தர் வந்து, "பை தவறிடுச்சுன்னு எழுதுங்க, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம்"னார். அப்பா சரின்னுட்டார். நான்தான் வேணாம்னு கூட்டிட்டு வந்துட்டேன். செஞ்சது சரியான்னு இப்ப பயமா இருக்கு.

மலை ஏறி எழுதிக் கொடுக்கணும்னா அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். ஒரே ஊர்ல ரெண்டு போலீஸ் எதுக்கு? நாங்க எங்க போகணும்? சி.எஸ்.ஆர்.னா என்ன, எஃப்.ஐ.ஆர்.னா என்ன? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோர்ட்டு ரோடு எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுந்து வந்தது சரி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(1)-ன்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். தங்கள் எல்லை இல்லையென்றால் பூஜ்ய எண் போட்டுப் பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களேதான் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகல் புகார்தாரருக்கு இலவசம்.

இன்னொன்று. ஓடும் பஸ்ஸில் பயணியின் பொருளைத் திருடுவது சாதாரணத் திருட்டு அல்ல. பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 305-ல் வருகிறது, 7 வருடம் வரை தண்டனை. 3 வருடம் அல்லது அதற்கு மேல், 7 வருடத்துக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதிவு செய்கிறோம் என்பார்கள். அது இதற்குப் பொருந்தாது.


பழைய ரைட்டர் எழுதியது:

கண்ணு, நான் சேலம் ஜில்லாவுலயும் மாநகரத்துலயும் சேர்த்து முப்பத்தோரு வருஷம் போலீஸ்ல இருந்து எஸ்.எஸ்.ஐ.யா, அதாவது சிறப்பு எஸ்.ஐ.யா, ஓய்வு பெற்றவன். அதுல பதினெட்டு வருஷம் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கிறவன். உங்கப்பா உட்கார்ந்த மாதிரி திண்ணையில உட்கார்ந்தவங்களை மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையாப் படி.

ரெண்டு போலீஸ் ஏன்னு கேட்டே. வெள்ளைக்காரன் 1859-ல மதராஸ் மாவட்ட போலீஸ் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தான். மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி. என்கிற ஏற்பாடு அங்க இருந்து வருது. மதராஸ் பட்டணத்துக்கு மட்டும் 1888-ல தனிச் சட்டம், அங்க கமிஷனர். ரொம்ப காலம் சேலம் டவுனும் எஸ்.பி. கையிலதான் இருந்துச்சு. 1997-ல சட்டசபை ஒரு சட்டம் போட்டு, அந்தப் பட்டணத்துச் சட்டத்தைச் சேலம், திருச்சி, திருநெல்வேலி மூணு ஊருக்கும் நீட்டினாங்க. அதுல இருந்து நமக்கும் கமிஷனர்.

இப்ப நீ சேலத்துல நிக்கிறேன்னா உனக்கு மேல கமிஷனர். அவருக்குக் கீழ வடக்கு, தெற்குன்னு துணை கமிஷனர்கள், தலைமையிடத்துக்கு ஒருத்தர். அதுக்குக் கீழ உதவி கமிஷனர், ஒவ்வொருத்தருக்கும் சில ஸ்டேஷன். டவுன், செவ்வாப்பேட்டை, பள்ளப்பட்டி, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி, அம்மாபேட்டை, கிச்சிப்பாளையம், அன்னதானப்பட்டி, கொண்டலாம்பட்டி, இதெல்லாம் மாநகரம். மலை ஏறிட்டியானா எஸ்.பி. அவருக்குக் கீழ ஓமலூர், மேட்டூர், சங்ககிரி, ஆத்தூர், வாழப்பாடின்னு உட்கோட்டத்துக்கு ஒரு டி.எஸ்.பி. ஏற்காடு ஸ்டேஷன் சேலம் ரூரல் உட்கோட்டத்துல வரும். எஸ்.பி.க்கு மேல சேலம் சரக டி.ஐ.ஜி. உண்டு, நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியும் அவர்தான் பார்க்கணும். கமிஷனர் அந்த டி.ஐ.ஜி.க்குக் கீழ வர மாட்டார், அவருக்கு நேரா சென்னைதான்.

அதிகாரத்துலயும் வித்தியாசம் உண்டு. ஒரு ரவுடியைக் குண்டர் சட்டத்துல போடணும்னா மாநகரத்துல கமிஷனரே உத்தரவு போடலாம். ஓமலூர்ல அதே ஆளுன்னா எஸ்.பி. ஃபைல் அனுப்பணும், கலெக்டர் கையெழுத்துப் போடணும்.

இந்தக் கோடெல்லாம் எங்களுக்குள்ள வேலையைப் பிரிச்சுக்க நாங்க போட்டுக்கிட்டது. உங்கப்பா மலை மேல பஸ் ஏறுறப்பவும் புது பஸ் ஸ்டாண்டுல இறங்குறப்பவும் அந்தக் கோடு எங்க போகுதுன்னு பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது.

இப்ப முக்கியமான விஷயம். வக்கீல் தம்பி பூஜ்ய எண் சொன்னார். உன் கேஸுக்கு அது கூடத் தேவையில்ல. பிரயாணத்துல நடக்கிற குற்றத்துக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. பழைய சட்டத்துல 183, எனக்கு மனசுல பதிஞ்சது அந்த நம்பர்தான். இப்ப பி.என்.எஸ்.எஸ். 203. பஸ் எந்தெந்த எல்லை வழியாப் போச்சோ, எந்த எல்லைக்குள்ள வந்து சேர்ந்துச்சோ, அதுல எந்தக் கோர்ட்டும் விசாரிக்கலாம். பஸ் வந்து நின்ன இடம் சேலம் மாநகரம். அதனால பஸ் ஸ்டாண்டு எந்த ஸ்டேஷன் எல்லையோ, அந்த ஸ்டேஷனுக்கே இது சொந்தக் கேஸ். அங்க நேரா குற்ற எண் போடலாம். மலை ஏற வேண்டாம்.

அடுத்தது அந்த "தவறிடுச்சு" என்கிற வார்த்தை. நீ அப்பாவைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தியே, அந்த இடத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

சி.எஸ்.ஆர். என்கிறது உன் மனு எங்க கைக்கு வந்துச்சு என்கிறதுக்கு ரசீது. அதுல வழக்கு இல்ல. வழக்கு இல்லைன்னா திருடனைத் தேடணும்னு எங்களுக்குக் கட்டாயம் இல்ல, கோர்ட்டுக்குக் காகிதம் போகாது. எஃப்.ஐ.ஆர். போட்டா அந்த வருஷத்துக் குற்ற எண் ஒண்ணு விழும், நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும், கம்ப்யூட்டர்ல ஏறும், யாராவது ஒருத்தர் அந்தக் கேஸுக்குப் பதில் சொல்லியாகணும். மாசா மாசம் கிரைம் மீட்டிங் நடக்கும். எத்தனை திருட்டு, எத்தனை கண்டுபிடிச்சே, எவ்வளவு சொத்து மீட்டேன்னு இன்ஸ்பெக்டரை எழுப்பி நிக்க வெச்சுக் கேட்பாங்க. கண்டுபிடிக்காத திருட்டுக் கேஸ் ஒண்ணு கூடுச்சுன்னா அன்னைக்கு அவருக்கு ஏச்சு. பை "தவறிடுச்சு"ன்னு எழுதி வாங்கிட்டா அந்தக் கணக்குல அது ஏறவே ஏறாது. பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கப்பா மேல யாருக்கும் விரோதம் இல்ல.

நானே அப்படி எழுதி வாங்கியிருக்கேன், கண்ணு. இருபது வருஷத்துக்கு முன்னால ஆத்தூர் பக்கத்து பஸ்ல வந்த ஒரு பாட்டி, மூணு பவுன் சங்கிலி போச்சுன்னு எங்க ஸ்டேஷனுக்கு வந்தாங்க. வழியில இருக்கிற ரெண்டு ஸ்டேஷன்ல "எங்க எல்லை இல்ல"ன்னு அனுப்பியிருந்தாங்க. எங்க அதிகாரி கண்ணைக் காட்டினார், நான் பேப்பரை எடுத்து "கவனக்குறைவாக எங்கோ தவறவிட்டுவிட்டேன்"னு என் கையால எழுதி, பாட்டி கட்டை விரலை மையில தொட்டு வெச்சேன். எழுதினதை வாசிச்சுக் காட்டுன்னாங்க. வாசிச்சேன். "நான் தவறவிடல சாமி, அத்துக்கிட்டுப் போயிட்டாங்க"ன்னாங்க. ரசீதுக்குத்தான் பாட்டின்னு சொல்லி அனுப்பிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு வேற ஸ்டேஷன்ல ஒரு பஸ் திருட்டு கோஷ்டியைப் புடிச்சாங்க, நகையெல்லாம் மீட்டாங்க. எந்தெந்தக் கேஸ்ல எது போச்சுன்னு பட்டியல் எடுத்துப் பொருத்தினாங்க. பாட்டி சங்கிலிக்குக் கேஸே இல்ல. அது அந்த நகையில இருந்துச்சா இல்லையான்னு கூடச் சொல்ல முடியாமப் போச்சு. அந்த மை வெச்ச விரல் இன்னும் என் கண்ணுல நிக்குது. அதனாலதான் இங்க இவ்வளவு எழுதறேன்.

சரி, இப்ப போறப்ப என்ன செய்யணும்னு சொல்றேன். வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறவர் பாரா, அவர்கிட்ட கதை சொல்ல வேண்டாம். உள்ள வரவேற்பு மேஜையில ஒருத்தர் இருப்பார், பேரை எழுதிக்குவார். அடுத்தது ரைட்டர். ஸ்டேஷன்ல எந்தக் காகிதமும் அவர் கை படாம நகராது, பொது நாட்குறிப்பு எழுதறதும் அவர்தான். மாநகரத்துல நிறைய ஸ்டேஷன்ல சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர்னு ரெண்டு பேர் இருப்பாங்க. உனக்கு வேண்டியது குற்றப்பிரிவு. "கிரைம் இன்ஸ்பெக்டரைப் பார்க்கணும்"னு தெளிவாக் கேளு. காலையில ரோல் கால் முடிஞ்ச உடனே போ. பத்தரைக்கு மேல போனா பாதிப் பேர் கோர்ட்டுக்குப் போயிருப்பாங்க. பெரிய பந்தோபஸ்து நாள்ல போகாதே. குகை மாரியம்மன் திருவிழா வண்டி வேடிக்கை அன்னைக்கு ஸ்டேஷன்ல பாராவும் ரைட்டரும்தான் மிஞ்சுவாங்க.

மனுவை வீட்டுலயே எழுதிட்டுப் போ. சுத்தி வளைக்காதே. இந்தத் தேதி, சாயங்காலம் இத்தனை மணிக்கு ஏற்காட்டுல இந்த பஸ்ல ஏறினேன், பையைத் தட்டுல வெச்சேன், சேலம் புது பஸ் ஸ்டாண்டுல இறங்குறப்ப பை திருடு போயிருந்தது, உள்ள இன்னின்ன பொருள், இவ்வளவு மதிப்பு, உடனே போன் செஞ்சப்ப யாரோ கட் பண்ணி சுவிட்ச் ஆஃப் பண்ணினாங்க. இவ்வளவு போதும். "திருடு போயிருந்தது" என்கிற வார்த்தையை யார் சொன்னாலும் மாத்தாதே. அப்பாகிட்ட பஸ் டிக்கெட் இருந்தா பத்திரமா வை. அதுல நேரமும் பஸ்ஸும் தெரியும், அதை வெச்சு கண்டக்டரைப் புடிக்கலாம். அடுத்தடுத்து நின்னவங்க முகம் கண்டக்டருக்கு ஞாபகம் இருக்கும், அவர்தான் உனக்கு முதல் சாட்சி.


அம்மாபேட்டை மணி எழுதியது:

ஐயா, நீங்க சொல்றது புஸ்தகத்துல சரிங்க. என் வண்டி காணாம போனப்ப நானும் செக்‌ஷன் நம்பர் சொன்னேன். "நீ என்ன வக்கீலா"ன்னு கேட்டு ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சாங்க. கூலிக்குப் போற மனுஷனுக்கு இந்த 203 எல்லாம் சொல்லத் தைரியம் வருமா?


பழைய ரைட்டர் எழுதியது:

மணி தம்பி, நீங்க சொல்றது நெசம். அதனாலதான் நம்பர் சொல்லுன்னு நான் பாப்பாகிட்ட சொல்லல, மனுவை எழுதிட்டுப் போன்னு சொன்னேன். நம்பரை மனுவோட கடைசி வரியில எழுதினா போதும், வாயால சொல்ல வேண்டாம். வாயால சொன்னா எதிர்ல இருக்கிறவருக்கு ரோஷம் வரும். எழுத்துல இருந்தா அதை வாங்கினவர் பொறுப்பு ஆயிடும். உச்ச நீதிமன்றம் 2013-ல லலிதா குமாரி வழக்குல, பிடியாணை இல்லாம கைது செய்யக்கூடிய குற்றம்னு தகவல்ல தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு சொல்லிருச்சு. எங்க ஆட்களுக்கும் அது நல்லாவே தெரியும்.

வாங்க மாட்டேன்னா சண்டை வேண்டாம். அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்ல மாநகரத்துக்குன்னா துணை கமிஷனருக்கு, மாவட்டம்னா எஸ்.பி.க்கு அனுப்புங்க. 173(4)-ல அதுக்கு வழி இருக்கு. புதன்கிழமைகள்ல கமிஷனர், எஸ்.பி. ஆபீஸ்ல மனு விசாரணை முகாம் நடக்கும், நேர்லயும் போகலாம். அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்திரேட். மேல இருந்து "இந்த மனு மேல என்ன நடவடிக்கை"ன்னு தபால் கீழ இறங்குச்சுன்னா, அதுக்குப் பதில் எழுதறவன் ரைட்டர். பதில் எழுதறதை விடக் கேஸ் போடறது சுலபம். நான் அனுபவிச்சிருக்கேன்.

உங்களை ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சது தப்பு. அதுல மாத்துக் கருத்து எனக்கு இல்ல. ஆனா அந்த மேஜையில இருக்கிறவனையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. நான் சேர்ந்தப்ப இரண்டாம் நிலைக் காவலர். பத்து வருஷத்துல முதல்நிலை, பதினஞ்சுல ஏட்டு, இருபத்தஞ்சுல எஸ்.எஸ்.ஐ. இதுதான் எங்க காலத்து ஏணி. வாரத்துக்கு ஒரு நாள் லீவுன்னு அரசாணை வந்ததே 2021-லதான். என் பொண்ணு காது குத்துக்கு நான் மே மாச ஏற்காடு மலர் கண்காட்சி டிராஃபிக்குல, அடிவாரத்துல நின்னுட்டிருந்தேன். இதைச் சொல்றது யாரையும் நிக்க வைக்கிறதுக்கு நியாயம் தேடறதுக்கு இல்ல. ராத்திரி ரவுண்ட்ஸ் போயிட்டுக் காலையில மேஜைக்கு வர்றவன்கிட்ட நேரத்துல போய், எழுதினதைக் கையில குடுத்தா, பாதி வாக்குவாதம் மிச்சமாகும்.


செல் சர்வீஸ் கடை எழுதியது:

அக்கா, எஃப்.ஐ.ஆர். நம்பரோ சி.எஸ்.ஆர். நம்பரோ கிடைச்ச உடனே மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல, காணாமப் போன போனை முடக்குற சி.இ.ஐ.ஆர். பகுதிக்குப் போய் போனை பிளாக் பண்ணுங்க. ஐ.எம்.இ.ஐ. நம்பர், அதாவது போனோட அடையாள எண், போன் வாங்கின டப்பாவுல ஒட்டியிருக்கும், பில்லுலயும் இருக்கும். அதுக்கு முன்னாடி இன்னைக்கே சிம்மை நிறுத்திட்டு அதே நம்பர்ல புது சிம் வாங்கிடுங்க. அப்பாவுக்கு ஜி பே இருந்துச்சுன்னா பேங்க்கைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க. பணம் ஏதாவது போயிருந்தா சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன் பண்ணணும், நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிடும். என் கடைக்கு இந்த மாதிரி போன் லாக் எடுக்க வரும். பில் இல்லாம நான் தொடறது இல்ல, ஆனா தொடறவங்க இருக்காங்க.


மிளகுக்கொடி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்குக் காலையில எட்டரைக்கே பஸ் ஸ்டாண்டு எல்லைக்கான ஸ்டேஷனுக்குப் போயிட்டோம். ஐயா சொன்ன மாதிரியே மனுவை எழுதி, கடைசி வரியில 203-ஐயும் 305-ஐயும் எழுதியிருந்தேன். அப்பா கையெழுத்துப் போட்டார். ரைட்டர் ஒரு அம்மா. முழுசாப் படிச்சாங்க. "மலையில போயிருக்கலாமே"ன்னு அவங்களும் ஆரம்பிச்சாங்க. நான் ஒண்ணும் பேசல, கடைசி வரியைக் காட்டினேன். உள்ள எடுத்துட்டுப் போனாங்க. கிரைம் இன்ஸ்பெக்டர் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, பை எந்தத் தட்டுல இருந்துச்சு, பக்கத்துல யாரு நின்னாங்கன்னு கேட்டார். பின்னால நின்ன ஒருத்தன் அடிவாரத்துல அவசரமா இறங்கினான்னு அப்பா சொன்னார். எங்ககிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லல. எங்களுக்குக் கேட்கத் தோணவும் இல்ல.

பதினொரு மணிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டு நகல் கையில கொடுத்துட்டாங்க. 305-தான் போட்டிருக்காங்க. சிம் மாத்தியாச்சு, போன் பிளாக் பண்ணியாச்சு. ஜி பே அப்பாகிட்ட இல்ல.

ஐயா, ரெண்டு சந்தேகம். ரேஷன் கார்டுக்கும் அடகு ரசீதுக்கும் இந்த நகல் போதுமா? கேஸ் என்ன ஆச்சுன்னு நாங்களாப் போய்க் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?


பழைய ரைட்டர் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் கண்ணு. அடிவாரத்துல இறங்கினவன் விஷயம் பெரிய விஷயம். அங்க கேமரா இருந்தா நாள் ஆக ஆகப் பதிவு அழிஞ்சிடும், அதனால நாளைக்கே அந்த ரைட்டர் அம்மாகிட்ட ஞாபகப்படுத்து.

நகலை நாலு ஜெராக்ஸ் எடு. பேங்க்ல ஒண்ணைக் கொடுத்து, ரசீது திருடு போச்சு, யாராவது அதைக் காட்டி நகையைக் கேட்டா கொடுக்காதீங்கன்னு இன்னைக்கே எழுதிக் கொடு. மாத்து ரசீதுக்கு அவங்க ஒரு படிவம் தருவாங்க. ரேஷன் கார்டை இ-சேவை மையத்துல மறுபதிப்புக்குப் போடலாம். ஸ்டேஷன்ல கொடுத்த எஃப்.ஐ.ஆர். நகலை மட்டும் யார்கிட்டயும் கொடுக்காதே.

கேஸ் நிலவரத்தை 90 நாளுக்குள்ள அவங்களே உங்களுக்குத் தெரிவிக்கணும், புதுச் சட்டத்துல 193-ல இருக்கு. அதுக்காகச் சும்மா இருக்க வேண்டாம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை குற்ற எண்ணைச் சொல்லிக் கேளு. அப்பா போகணும்னு இல்ல, நீ போன்ல கேட்டாலே போதும். கண்டக்டரைப் பார்த்தாங்களா?


மிளகுக்கொடி எழுதியது:

டிக்கெட் அப்பா சட்டைப் பையில மடிச்சு இருந்துச்சு ஐயா, துவைக்கப் போடறதுக்கு முன்னாடி அம்மா எடுத்து வெச்சிருக்காங்க. டெப்போவுல கேட்டதுல அந்த கண்டக்டர் செவ்வாய்க்கிழமை டூட்டிக்கு வர்றாராம். கிரைம் ஏட்டு ஒருத்தர் அன்னைக்குக் காலையில போறேன்னு சொல்லியிருக்கார். அப்பாவும் கூடப் போறார். அடிவாரத்து கேமரா விஷயத்தைச் சொல்லிட்டேன், எழுதிக்கிட்டாங்க.